அவர்கிட்டயே கேளுங்க

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்கக்கூடிய காலத்தில் இப்படியொன்றை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கை இருக்கிறார், அவரிடம் அனுமதி வாங்கலாம்தான். ஆனால் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பதைப் போல அவருக்குக் கோபம் மூட்டிய காரியம் வேறொன்றும் இல்லை. ஆகவே வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் எல்லோரும் கூப்பிட்டதுபோல 'மிஸ்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

மிஸ் என்றதும் ஆசிரியை என்று நினைப்பார்கள். அவர் ஒரு பிள்ளைக்கும் படிப்பித்ததில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கோல் எடுத்துக் கொடுத்த ஒப்பரேட்டர். யாழ்ப்பாணத்தோடு பேச வேண்டுமென்றால் இலக்கத்தைச் சொல்லிவிட்டு மணி அடிக்கும்வரை காத்திருந்த காலத்து ஆள். சாவுச் செய்தியும் கலியாணப் பேச்சும் அவருடைய விரல் வழியாகத்தான் போய் வந்தன. அவற்றில் ஒன்றையாவது ஒட்டுக் கேட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன்.

"லைன் குடுத்தா நாம வெளிய வந்துடணும், செக்கரட்டரி. லைனுக்குள்ள பேசுறவ ஒப்பரேட்டரே இல்ல."

அப்படிச் சொல்லிவிட்டுக் கைப்பையை மூடினார். பழைய கறுப்புத் தோல் பை. அதன் பூட்டு டக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் தன் பக்கத்துப் பேச்சு முடிந்தது என்று பொருள்.

என்னைச் செக்கரட்டரி என்று அவர் அழைத்ததில் மரியாதை பாதி, கேலி பாதி. நான் அரச நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். சிலவற்றைத் தாலாட்டியவனும் நானே. அந்தத் தகைமையை வைத்து எங்கள் பகுதி முதியோர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நாங்கள் முதலில் வயோதிபராக இருந்தோம். பிறகு ஒரு சுற்றறிக்கை எங்களை முதியோர் ஆக்கியது. அதற்குப் பிறகு சிரேஷ்ட பிரஜைகளாகப் பதவி உயர்ந்தோம். முழங்கால் வலி மட்டும் பழைய பெயரிலேயே தொடர்ந்தது.

மிஸ் சங்கத்தில் எந்தப் பதவியும் வகிக்கவில்லை. அவர் செய்தது ஒரு வேலைதான்: கூடப் போவது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற வீடுகளில், கிளினிக்குக்கும் வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் போக ஆள் இல்லாதவர்களோடு கூடப் போவார். குடையை விரித்துப் பிடிப்பார், பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுப்பார், வரிசையில் பக்கத்தில் நிற்பார். கவுண்டருக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார். அங்கேதான் எல்லோருக்கும் எரிச்சல் வரும்.

எனக்கு முதலில் வந்தது கண் கிளினிக்கில். அங்கிருந்த தாதி என் தலைக்கு மேலாக மிஸ்ஸைப் பார்த்து, "மே சீயாட்ட மொகத?" என்று சிங்களத்தில் கேட்டார். இந்தத் தாத்தாவுக்கு என்ன என்று கேள்வி. நேற்றுவரை வாசலில் ஆட்கள் எழுந்து நின்று 'சேர்' என்று கூப்பிட்ட மனிதனுக்கு, சீயா என்ற சொல் காதில் ஏறச் சற்று நேரம் எடுத்தது.

"எயாகென்ம அஹன்ன," என்றார் மிஸ். அவரிடமே கேளுங்கள். பிறகு டக்கென்று பை மூடிய சத்தம்.

தாதி என் பக்கம் திரும்பினார். மூன்று மொழிகளில் கடிதம் எழுதக்கூடிய எனக்கு ஒரு மொழியிலும் வாய் திறக்கவில்லை. என் கண்ணைப் பற்றி மகன் சொல்வான், மருமகள் சொல்வாள், மருந்துக்கடைக்காரர்கூடச் சொல்வார். நான் சொல்லிக் கனகாலம். ஒருவழியாக, வலது கண்ணில் புகை மூடியதுபோல இருக்கிறது என்றேன். அதுவரை எல்லோரும் இடது கண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை அவர் அரச அலுவலகத்தோடு நிறுத்தவில்லை. எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு துணிக்கடை முஸ்லிம் நானா, சக்கர நாற்காலியில் வந்திருந்த அம்மாவின் மகளிடம், "உம்மாவுக்கு என்ன கலர் எடுக்கிற?" என்று கேட்டார். மிஸ்ஸுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தலையணை உறை வாங்க நின்றவர். "அவங்ககிட்டயே கேளுங்க நானா. உடுக்கப் போறது அவங்கதானே?" என்றார். அந்த அம்மா நல்ல சிவப்பு எடுத்தார். மகளின் முகம் அதைவிடச் சிவந்தது. நானா அன்றிலிருந்து மிஸ் கடைக்குள் வந்தால், "வாங்க மிஸ், இன்டைக்கு ஆர்ட வழக்கு?" என்று கேட்பார்.

எப்போதும் சிரிப்பில் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் சங்கத்தில் ஒரு அம்மா இருந்தார், மறதி தொடங்கியிருந்தது. மகன் வீட்டில் இருப்பதா மகள் வீட்டில் இருப்பதா என்று பிள்ளைகள் பேசுகிற இடத்தில் மிஸ் தன் வசனத்தைச் சொன்னார். கேட்டார்கள். அம்மா தெளிவாகச் சொன்னார்: "நான் இரத்மலானை வீட்டுக்குப் போறன்." அந்த வீடு எரிந்துபோய் எத்தனையோ காலம். காணியில் இப்போது டயர் களஞ்சியம். மகள் அழுதபடி எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சொன்னேன்: "கேக்காமல் விட்டிருக்கலாம், மிஸ்."

அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். "அவங்களுக்கு எங்க இருக்க ஆசைன்னு இப்பதான் நமக்குத் தெரியும். அது வீணா?"

 அந்த மகள் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இரத்மலானைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவருவதாகக் கேள்விப்பட்டேன். டயர் களஞ்சியத்தின் முன்னால் நிறுத்துவார்களாம்.

மிஸ்ஸோடு எனக்கு உண்மையான சண்டை வந்தது மாஸ்டர் விஷயத்தில்.

மாஸ்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் தளத்தில் எதிர்க் கதவு. கடலோரமாகப் போகும் ரயில் பிந்தினால், ஓய்வு பெற்று இவ்வளவு காலமாகியும், பல்கனியில் இருந்து வாய்விட்டுத் திட்டுவார். ஒரு வாத வருத்தத்துக்குப் பிறகு வலது கால் இழுக்கத் தொடங்கியது. மனைவி மெலிந்த உடம்பு. அவரைத் தூக்கி நிறுத்துவதும் குளிக்க வார்ப்பதும் அந்த அக்காவின் தலையில் விழுந்தன. லண்டனில் இருந்த மகள் ஒரு முடிவு சொன்னாள். கல்கிசைப் பக்கம் நல்ல முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, அப்பாவை அங்கே விடுவோம். அம்மா என்னோடு லண்டனுக்கு வரட்டும்.

"இவரை அங்க விட்டிட்டு நான் லண்டனில போய் ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது?" என்று அக்கா என்னிடம் கேட்டார். மாஸ்டரோ கேட்காதவர்போல ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தது. தனியே சமாளிக்க முடியாத முதியோரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற உதவியாளரை அனுப்புவது. அரசாங்கம் ஒரு காரியத்தைத் தொடங்கினால் முதலில் அதற்கு மூன்று மொழியிலும் பெயர் வைக்கும், பிறகு பதாகை கட்டும், அதற்குப் பிறகுதான் ஆள் தேடும். இந்தத் திட்டத்தில் அதிசயமாக ஆட்களும் இருந்தார்கள். உதவியாளர் கிடைத்தால் இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று மகளும் ஒத்துக்கொண்டாள். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதில் குறை பிடிக்க ஒருவராலும் முடியாது. உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்ப்பது மட்டுமே மீதி.

வந்தவர் வடமராட்சிப் பிள்ளை, நல்ல மரியாதை. மாஸ்டர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் மிஸ்ஸும் சுவரோரம்.

"மாஸ்டர், உங்களுக்குத் தனியக் குளிக்க ஏலுமோ?"

"ஏன் ஏலாது?"

"படி இறங்க ஏலுமோ?"

"ஓம், ஏலும்."

"சட்டை மாத்த?"

"தம்பி, நான் கையில ஒரு கொடியோட நிண்டு ரயிலை நிப்பாட்டினனான். எனக்குச் சட்டை போட ஏலாதோ?"

பின்னால் அக்கா இரண்டு கையாலும் இல்லை இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை அதைக் கண்டு, "அம்மா, உண்மையோ?" என்று அவர் பக்கம் திரும்பினார். அக்கா வாய் திறக்கமுன் மிஸ் சொல்லிவிட்டார்:

"அவர்கிட்டயே கேளுங்க."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொருமுறை எல்லாம் ஏலும் என்றார்.

பதில் வந்தது. விண்ணப்பதாரர் சுயமாக இயங்கக்கூடியவர். அந்த வசனத்தை என் காலத்தில் நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். எதிர்க் கதவில் வைத்து வாசித்தபோதுதான் அதில் ஒரு கதவு சாத்தும் சத்தம் இருப்பது கேட்டது. அக்கா மிஸ்ஸோடு கதைப்பதை விட்டுவிட்டார். படியில் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "உவவின்ரை வாயால என்ரை மனுசன் கல்கிசைக்குப் போகப்போறார்," என்று என்னிடம் சொன்னார். மகள் விமானச் சீட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

மேன்முறையீட்டுக்கு இடம் இருந்தது. நான் எழுதினேன். ஆனால் மறுபடி ஆள் வந்து பார்ப்பார்கள். மிஸ்ஸைத் தேடிப் போய், நல்ல கோபத்தோடு, என் திட்டத்தைச் சொன்னேன்.

"இந்த முறை பதிலை நான் சொல்லப்போறன். குடும்பத்தின்ரை பிரதிநிதி கதைக்கலாம் எண்டு விதியில இருக்கு. மாஸ்டர் அறைக்குள்ள படுத்திருக்கட்டும்."

"சரி, நீங்க சொல்லி எடுத்துட்டீங்கன்னு வைங்க. மறுநா காலைல உதவிக்கு ஒரு பிள்ள வந்து பெல் அடிக்கும். யாரு கதவு திறப்பா?"

"அக்கா திறப்பா."

"மாஸ்டர் என்ன சொல்வாரு? 'எனக்கொண்டும் தேவையில்ல, நீ போ'ன்னு சொல்வாரு. சொல்லுவாரா மாட்டாரா?"

சொல்லுவார். அது எனக்கும் தெரியும்.

"அவரு வாயால வரணும், செக்கரட்டரி. இல்லாட்டி அந்தப் பிள்ள படியிலதான் உக்காந்திருக்கும்."

"அவரின்ரை வாயால 'ஏலும்' எண்டதைத் தவிர வேற ஒண்டும் வராது. யாழ்ப்பாணத்து ஆம்பிளையிட்டை ஏலுமோ எண்டு கேட்டால் பிறகென்ன வரும்?"

 கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். முதலில் மாஸ்டரிடம் கேட்கட்டும். அவர் பழையபடி தொடங்கினால் நான் குறுக்கிட்டு உண்மையைச் சொல்வேன்; அப்போது மிஸ் வாயைத் திறக்கக் கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் பையை மூடவில்லை.

இரண்டாம் முறை வந்தது ஒரு சிங்களப் பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். தமிழ்ப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். எங்கள் வீடுகளில் தமிழிலேயே கேட்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். மாஸ்டர் அதே வெள்ளைச் சட்டை. அக்கா இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்; கடைசி ரயிலும் போன பிறகு பிளாட்பாரத்தில் நிற்பவர் போல.

"ஐயா, நீங்கள் தனியாகக் குளிக்க வேண்டுமா?"

பிழை. 'முடியுமா' என்று, எங்கள் பேச்சில் 'ஏலுமோ' என்று, கேட்க வேண்டிய இடம். சிங்களத்தில் முடியுமாவுக்கு 'புளுவன்த', வேண்டுமாவுக்கு 'ஓனத' என்று பக்கத்துப் பக்கத்து இரண்டு சொற்கள். தமிழ் படிக்க வருகிற அரச ஊழியர்கள் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துவிடுவார்கள். வாய்மொழிப் பரீட்சைச் சபையில் நான் உட்கார்ந்த காலத்தில் இந்தப் பிழைக்கென்றே புள்ளி குறைத்திருக்கிறேன். 'முடியுமா, மகள்' என்று திருத்த நான் வாயெடுத்தேன். மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதிலும் இரும்புப் பிடி.

 ஏலுமோ என்றால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. இது வேறு கேள்வி.

"தனியவோ?" என்றார்.

"ஆம் ஐயா. தனியாகக் குளிக்க வேண்டுமா?"

"வேண்டாம், மகள்."

அக்கா கையை அவிழ்த்தார்.

"தனியாகப் படி இறங்க வேண்டுமா?"

"வேண்டாம். பயமா இருக்கு."

"இரவில் தனியாக எழும்ப வேண்டுமா?"

மாஸ்டர் தன் வலது காலைப் பார்த்தார். "போன கிழமை எழும்பி, சுவரைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டனான். முன்னுக்கும் போகேலாமல் பின்னுக்கும் வரேலாமல். இவவைக் கூப்பிடேல்லை. இவ பகலெல்லாம் என்னைத் தூக்கிப்போட்டு அப்பதான் கண்ணயர்ந்தவ."

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று அக்கா கேட்டார். 

"நீ ஏலுமோ எண்டெல்லோ கேக்கிறனி," என்றார் மாஸ்டர்.

அந்தப் பெண் வேகமாக எழுதினாள். படிவத்தில் சட்டம் போட்ட கூடுகளுக்குள் அடங்காமல் ஓரத்திலும் எழுதினாள். கேள்வி பிழையாக இருந்தும் பதில்கள் விளங்கிவிட்டன அவளுக்கு. புறப்படும்போது வாசலில் நின்று மிஸ்ஸிடம் மெதுவாக, "இந்த சேர் பரீட்சைச் சபையில் இருந்தவர் என்றார்கள். என் தமிழ் எப்படி என்று நினைக்கிறார்?" என்று கேட்டாள்.

"அவர்கிட்டயே கேளும்மா," என்றார் மிஸ். டக்கென்று பை மூடிற்று.

அவள் என்னைப் பார்த்தாள்.  என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான கேள்வியை எந்த அமைச்சரும் என்னிடம் கேட்டதில்லை.

"கேள்வி சரி, மகள்," என்றேன். "சொல்லைப் பிறகு பாப்பம்."

உதவியாளர் கிடைத்தார். அட்டன் பக்கத்துப் பிள்ளை, கெட்டியான தோள், ஓயாத பாட்டு. முதல் நாள் பெல் அடித்தபோது கதவு திறந்தவர் மாஸ்டர். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, நேரம் எடுத்து, தானே வந்து திறந்தார். "வாம்மா, பிந்திப்போனாய்," என்றார். அவள் பிந்தவில்லை. மகள் விமானச் சீட்டுத் தேடுவதை நிறுத்தினாள். மறுநாள் அக்கா ஒரு தட்டு நிறைய மோதகம் மிஸ் வீட்டுக்குக் கொண்டுபோனார். மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. மோதகம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை முதல் வாரத்தில் மிஸ்ஸிடம்தான் எல்லாம் கேட்பாள். ஐயாவுக்குச் சோறா இடியப்பமா, வெந்நீரா பச்சைத் தண்ணியா. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் கிடைத்தது. வாரம் முடிவதற்குள் மிஸ்ஸிடம் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிறகு மிஸ் தங்கையோடு இருக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். அதுவும் அவருடைய முடிவு. யாரும் கேட்கமுன் சொல்லிவிட்டார். அங்கே சில நாள் காய்ச்சல், பிறகு இல்லை. இறுதிக் கிரியைக்கு ஒழுங்கு செய்த மலர்ச்சாலைக்காரர் என்னிடம் வந்து, "ஐயா, என்ன சாறி உடுத்துறது?" என்று கேட்டார். பழக்க தோஷம், நான் மிஸ் படுத்திருந்த பக்கம் திரும்பினேன். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு. "அக்கா அதெல்லாம் எப்பவோ சொல்லிட்டா," என்றார். "நீலம். வேற யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதேன்னும் சொன்னா."

சென்ற சனிக்கிழமை மாஸ்டர் வீட்டில் தேநீருக்கு இருந்தேன். லண்டன் மகள் கைத்தொலைபேசியில் முகத்தோடு வந்தாள். எடுத்தவள் அட்டன் பிள்ளை.

"அப்பா எப்பிடி? ஒழுங்காச் சாப்பிடுறாரோ? தனிய நடக்கிறாரோ?"

"ஐயாகிட்டயே கேளுங்கம்மா," என்று அவள் ஃபோனை மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

மாஸ்டர் அப்போதுதான் குளித்து வந்திருந்தார். தலையை அவள் துவட்டிவிட்டிருந்தாள், சட்டைப் பொத்தான்களை அவள் பூட்டிவிட்டிருந்தாள், கால்மாட்டில் தலையணை வைத்ததும் அவளே. வெளியே ஒரு ரயில் சரியான நேரத்துக்குப் போனது.

"அப்பா, எல்லாம் தனியச் செய்ய ஏலுதோ?"

"ஏன் ஏலாது?" என்றார் மாஸ்டர். "எல்லாம் ஏலும்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் என்னைத் திரையின் ஓரத்தில் கண்டுகொண்டாள். "அங்கிள், உண்மையோ? நீங்களாவது சொல்லுங்கோவன்."

நான் தேநீரைக் குடித்தேன். லைன் கொடுத்தாயிற்று, உள்ளே பேசக் கூடாது.